சேகருக்கு, வண்டியைப் பெயிண்டுக்கு விடும் முன்

அன்புள்ள சேகர்,

உன் கடிதத்துக்கு மூன்று மாதமாகப் பதில் போடவில்லை. தப்புதான். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். குமார் அதே குமார்தான், இன்னும் கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறான்.

உடனே எழுதக் காரணம், நீ அனுப்பிய உன் பழைய சிவப்பு கார் படங்களும் "அடுத்த வாரம் முழு பெயிண்டுக்கு விடப்போறேன்" என்ற அந்த ஒரு வரியும். விடாதேடா.

கம்பெனியில் பெயிண்ட் ஏறும்போது வண்டி வெறும் தகரக்கூடு. கண்ணாடி, ரப்பர், வயர் எதுவும் இருக்காது. அதனால் சுமார் 140 டிகிரி சூட்டில் பெயிண்டை வேகவைத்து இறுக்க முடிகிறது. ஓடுகிற வண்டிக்கு அந்தச் சூட்டைக் காட்ட முடியாது. நல்ல பூத் (பெயிண்ட் அடித்துச் சூடேற்றும் மூடிய அறை) உள்ள பட்டறையிலும் 60 டிகிரி வாக்கில் நிறுத்திக்கொள்வார்கள். எவ்வளவு கைதேர்ந்த பெயிண்டரானாலும் அந்த இறுக்கத்தைத் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம்.

பானட் வெளுத்து ரோஜா நிறமாகிவிட்டது என்று புலம்புகிறாய். வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் வைத்து ஓரிடத்தில் தேய். துணியில் சிவப்பு ஒட்டினால் மேலே கிளியர் கோட் (நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சு) இல்லை; வெயிலில் வறண்ட மேல்பூச்சுதான் வெளுத்திருக்கிறது, அடியில் பழைய சிவப்பு இருக்க வாய்ப்பு அதிகம். துணியில் நிறமே ஒட்டாமல், மேலே தோல் உரிகிற மாதிரி இருந்தால் அது கிளியர் கோட் போன வண்டி. அதை எந்த பாலிஷும் காப்பாற்றாது, அந்தப் பகுதியை மட்டும் திரும்ப அடிக்க வேண்டும்.

சிவப்பு ஒட்டினால் காம்பவுண்டை, அதாவது பெயிண்டைச் சுரண்டி எடுக்கும் சொரசொரப்பான பசையை, தொடாதே. காலை எட்டு மணிக்குள், நிழலில், ஷாம்பு போட்டுக் கழுவு. திருவான்மியூர் உப்புக்காற்று, போர் தண்ணீர் இரண்டும் சேர்ந்து கறை விடும், அதனால் தண்ணீர் தானாகக் காய விடாமல் துடைத்துவிடு. பிறகு கிளேஸ் என்று விற்கும் எண்ணெய்ப் பதமான பூச்சைக் கையால் கனமாகத் தடவி ஒரு ராத்திரி விடு. வறண்ட பெயிண்ட் அதை உறிஞ்சும். மறுநாள் துடைத்துவிட்டு, மென்மையான பாலிஷைப் பஞ்சு பேடில் எடுத்துத் தேய். ஓரங்களிலும் மடிப்புகளிலும் பெயிண்ட் மெலிசாக இருக்கும். அங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டு. ரோட்டோர பஃபிங்கில் கம்பளிச் சக்கரத்தை அழுத்தி ஓரத்தைத் தின்றுவிடுவார்கள், அடிப்பூச்சான பிரைமர் எட்டிப் பார்க்கும். கடைசியாக மெழுகு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

கல் தெறித்த புள்ளிகளுக்கு டச்சப், அதாவது அந்தப் புள்ளியில் மட்டும் பெயிண்ட் வைப்பது, போதும். ஆனால் பாலிஷுக்குப் பிறகுதான் கலர் பார்க்க வேண்டும்! பெட்ரோல் போடும் வாய்க்கு வெளியே உள்ள சிவப்பு மூடியையும் பளபளப்பாக்கிக் கழற்றி, கலர் கலக்கும் கடைக்கு எடுத்துப் போ. வண்டித் தகட்டில் உள்ள நிறக் குறியீட்டு எண் புது வண்டியின் நிறத்தைத்தான் சொல்லும், உன் வண்டியின் இன்றைய நிறத்தை அல்ல. புள்ளியில் துரு இருந்தால் சுரண்டி, துரு மாற்றி (மிச்சத் துருவைக் கெட்டிப் படலமாக்கும் திரவம்) தடவி, காய்ந்ததும் பிரைமர். அப்புறம் பல்குத்தும் குச்சி முனையால் பெயிண்டைச் சின்னச் சொட்டாக வை. அரை மணி இடைவெளியில் இரண்டு மூன்று தடவை, சுற்றியுள்ள மட்டத்துக்கு மயிரிழை மேலே வரும்வரை. ஒரேயடியாக ஊற்றினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், பிறகு குழிவிழும். ஒரு வாரம் விட்டு, சோப்புத் தண்ணீரில் 2000, அடுத்து 3000 நம்பர் வாட்டர் பேப்பரை (மிக நைசான உப்புத்தாள்) அழிரப்பர் துண்டில் சுற்றி அந்த மேட்டை மட்டும் தேய்.

கதவடியில் கொப்புளம் தெரிகிற படம்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது. அது உள்ளிருந்து வருகிற துரு. கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடிய உள்ள ஓட்டைகள் மண்ணால் அடைபட்டிருக்கும். கம்பி விட்டுக் குத்தித் திற. அதை விட்டுவிட்டு மேலே எந்த பெயிண்ட் அடித்தாலும் அடுத்த ஐப்பசி மழைக்குள் திரும்ப வீங்கும்.

சனிக்கிழமை காலை வருகிறேன். பட்டறைக்காரரிடம் பெயிண்ட் வேண்டாம் என்று நாளைக்கே சொல்லிவிடு. நான் வரும்வரை வண்டியைக் கவர் போட்டு மூடாதே, தூசியோடு மூடினால் காற்றில் உரசிக் கீறல் விழும்.

உன்,
ராஜு