நான்கு முறை தீர்க்கப்பட்ட ஒரு புகார்: இணையச் சேவை நிறுவனத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயரைவிட என் புகார் எண்கள்தான் உங்களுக்குப் பழக்கம். ஐந்து வாரங்களில் நான்கு எண்கள் கொடுத்தீர்கள்; நான்கையும் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடியும் விட்டீர்கள். வீட்டு மேசைக் கணினியில் விண்டோஸ், லினக்ஸ் என்ற இரண்டு இயங்குதளங்களும் இருப்பதும், கேபிள் வழியாக விண்டோஸில் வருகிற இணையம் லினக்ஸில் பெரும்பாலும் வராததும் உங்கள் பதிவேட்டில் இருக்கும். அந்தக் கதையை ஐந்தாவது முறை சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். புகார் கொடுத்தவர் ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லும்வரை புகாரை மூடாதீர்கள்.

நான்காவது முறை வந்த தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிற்பகல் இரண்டு மணி வெயிலில், தோளில் கேபிள் சுருளோடு வந்தார். என் மகள் பொறியியல் இரண்டாம் ஆண்டு. செய்முறைப் பாடம் முழுக்க லினக்ஸில்தான். அவள் கணினியைத் திறந்து காட்டினாள். பின்பக்கத் துளையில் பச்சை விளக்கு இல்லை. மோடத்திலும் அந்த இணைப்புக்கான விளக்கு இல்லை. கட்டளை கொடுத்துப் பார்த்தால் ‘நோ கேரியர்’, அதாவது கேபிளில் இணைப்பே இல்லை, என்று வந்தது. தம்பி ஒரு கணம் பார்த்தார். பிறகு கேபிளைப் பிடுங்கித் தன் மடிக்கணினியில் செருகினார். விளக்கு எரிந்தது. வேகச் சோதனையை ஓடவிட்டு, திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

“லைன் நன்றாக இருக்கிறது சார். ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்கள்.”

“எங்கள் கணினியில் இன்னும் வரவில்லையே, தம்பி?”

“லினக்ஸ் என்றால் எங்களைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள் சார். இந்தப் புகார் திறந்தே இருந்தால் சாயங்காலம் என்னைத்தான் கேட்பார்கள்.”

என் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நின்றபடியே குடித்தார். ஓ.டி.பி.யின் ஆறு எண்களையும் சொன்னேன். அவர் வண்டி தெருமுனையைத் திரும்புவதற்குள் உங்கள் குறுஞ்செய்தி வந்துவிட்டது: புகார் தீர்ந்தது, மதிப்பெண் அளியுங்கள். ஐந்துக்கு ஐந்து போட்டேன். அது வெயிலில் வந்த பிள்ளைக்குப் போட்டது. உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

அன்றிரவு பன்னிரண்டு மணிக்குள் மகள் ஆய்வக வேலையை அனுப்ப வேண்டும். அந்தக் கணினியில் வைஃபை வசதி கிடையாது. (‘வைஃபையில் பயன்படுத்துங்கள்’ என்று உங்கள் அழைப்பு மையத்தில் மூன்று பேர் சொன்னார்கள். மூன்று பேரிடமும் இதையே சொன்னேன்.) என் கைப்பேசியைக் கம்பியால் கணினியோடு இணைத்து அதன் டேட்டாவில் வேலை செய்தாள். பதினொன்றரைக்கு அன்றைய டேட்டா தீர்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த என் மனைவியை எழுப்பி அவள் கைப்பேசியை வாங்கி மாட்டினோம். மாதா மாதம் பணம் கட்டுகிற கேபிள் காலடியில் கிடக்க, ஐம்பத்து மூன்று வயதில் நான் மேசைக்கடியில் டார்ச் விளக்கோடு உட்கார்ந்து, ஒரு பச்சைப் புள்ளி எரியாதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பழுது உங்கள் கேபிளில் இல்லை, மோடத்திலும் இல்லை. அதைக் கண்டுபிடித்தது நீங்களும் இல்லை, மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை.

அன்று காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் போனது. யு.பி.எஸ்.ஸையும் அணைத்துவிட்டோம். மாலையில் மின்சாரம் வந்ததும் மகள் நேராக லினக்ஸைத் திறந்தாள். இணையம் பாய்ந்து வந்தது. மறுநாள் நான் விண்டோஸில் கணக்கு எழுதிவிட்டு அணைத்தேன். அவள் திறந்தபோது பழையபடி இருட்டு. அங்கேதான் அவளுக்குப் பொறி தட்டியது. கணினியை அணைத்தாலும் பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை கேபிள் செருகுகிற நெட்வொர்க் கார்டுக்குச் சிறிது மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். எங்கள் கணினியில் இருப்பது ரியல்டெக் நிறுவனத்தின் கார்டு. விண்டோஸ் அணையும்போது அதிலுள்ள டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) கார்டை ஆழ்ந்து தூங்க வைத்துவிடுகிறது. பிறகு வருகிற லினக்ஸால் அதை எழுப்ப முடிவதில்லை. மின்சாரம் அடியோடு போனால்தான் கார்டு எல்லாவற்றையும் மறந்து புதிதாக விழிக்கிறது. போதாததற்கு, 2012இல் விண்டோஸ் 8 கொண்டுவந்த ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வேறு. அது இருந்தால் ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. பாதி நினைவை வட்டில் எழுதிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறது. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் மட்டும் முழுதாக எழுந்து வருகிறது. உங்கள் அழைப்பு மையம் சொன்ன ‘ரீஸ்டார்ட்’ சில நாள் ஏன் பலித்தது, உடனே நீங்கள் புகாரை மூட ஏன் வசதியாக இருந்தது என்பதும் அப்போது புரிந்தது.

விண்டோஸில் அந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தினோம். கணினி அணைந்த பிறகும் கார்டை விழித்திருக்க வைக்கும் ‘ஷட்டவுன் வேக் ஆன் லேன்’ என்பதைக் கார்டின் அமைப்புகளில் இயக்கினோம். அவ்வளவுதான். பத்து நிமிட வேலை. பதினாறு நாளாக விளக்கு எரிகிறது.

இது உங்கள் வேலை இல்லை என்பீர்கள். சரி. ஆனால் ‘விளக்கு எரிகிறதா? இல்லையென்றால் கணினியின் மின்கம்பியைக் கழற்றி ஒரு நிமிடம் கழித்து மாட்டுங்கள்’ என்று ஒரு வரி சொல்வதற்கு லினக்ஸ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மேலும், லினக்ஸ் என்றதும் ஏதோ நான் திருட்டு மின்சாரம் எடுத்ததுபோல் ஏன் குரல் மாறுகிறது? 2011இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது அதில் விண்டோஸோடு, இந்திய அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. நீங்கள் எனக்குக் கொடுத்த மோடத்தின் கையேட்டைப் பாருங்கள். கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் லினக்ஸ் உரிமம் அச்சாகியிருக்கிறது. தம்பி படம் எடுத்த ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள்ளும் அதன் கருதான். நீங்கள் ‘ஆதரிக்காத’ ஒன்றின்மேல்தான் உங்கள் தொழில் நடக்கிறது. கட்டணம் வாங்கும்போது மட்டும் எந்த இயங்குதளத்திலிருந்து கட்டுகிறாய் என்று நீங்கள் கேட்டதே இல்லை.

கோபம் எழுத்தில் ஏறிவிட்டது, பொறுத்தருள வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012ஆம் ஆண்டு விதிமுறைகளில் மேல்முறையீட்டுக்கு வழி இருப்பது எனக்குத் தெரியும். அங்கே போனாலும் நான் சொன்ன ஓ.டி.பி.யே எனக்கு எதிர்ச்சாட்சி. ஆகவே பணிவுடன் மறுபடி கேட்கிறேன்: ஓ.டி.பி. என்பது ஆள் வந்துபோனதற்கு அடையாளமாக மட்டும் இருக்கட்டும். பழுது நீங்கியதா என்பதைப் புகார் கொடுத்தவரிடம் தனியாகக் கேளுங்கள். அவர் ‘இல்லை’ என்றால் அந்தத் தம்பியின் கணக்கில் எழுதாமல் புகாரைத் திறந்தே வையுங்கள்.

என் நான்காவது புகாரைத் திருத்த முடியுமானால், தீர்த்தவர் என்ற இடத்தில் மின்வாரியம் என்று எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து உங்கள் சந்தாதாரர்