இறால் தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வீட்டு மீன் தொட்டி பராமரிப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தங்கமீனுக்கும் கப்பிக்கும் சொன்ன யோசனைகளில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. கடைசிப் பத்திதான் உறுத்துகிறது. நன்னீர் இறாலுக்கும் இதே முறைதான், வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் சரி என்று கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதிவிட்டார். அதை நம்பி யாராவது வாளியைத் தூக்குவதற்குள் இந்தக் கடிதம் அச்சேற வேண்டும்.

நான் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். வீட்டில் செர்ரி இறால் என்ற சின்னச் சிவப்பு நன்னீர் இறாலை வளர்க்கிறேன். இரண்டும் சேர்ந்தால் வாய் சும்மா இருக்குமா?

மீனுக்கு இல்லாத ஒரு வேலை இறாலுக்கு உண்டு. வளர வேண்டுமானால் அது தன் ஓட்டைக் கழற்றியாக வேண்டும். பழைய ஓட்டிலிருந்து வெளியே வந்ததும் உடம்பில் தண்ணீரை ஏற்றிக்கொண்டு உப்பும். புது ஓடு அந்த அளவுக்கு இறுகும். இறுகுவதற்குக் கால்சியம் தேவை. அதில் பெரும்பங்கைச் சுற்றியுள்ள தண்ணீரிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. ஆகவே தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு திடீரென்று மாறினால் முதலில் அடிபடுவது இந்தத் தோலுரிப்புதான். நேரத்துக்கு முன்பே ஓட்டைக் கழற்ற முயன்று, பாதியில் சிக்கி, கழுத்துப் பக்கம் வெள்ளை வளையம் விழுந்து செத்துக் கிடக்கும் இறாலை வளர்ப்பவர்கள் பார்த்திருப்பார்கள். தண்ணீர் அழுக்காக இருந்தது என்று நினைத்து இன்னொரு பாதியை மாற்றுவார்கள். அடுத்த நாள் இன்னும் இரண்டு போகும்.

கணக்கைப் பாருங்கள். தொட்டி நீரின் டிடிஎஸ், அதாவது லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த மில்லிகிராம் கணக்கு, 200, குழாய் நீரில் 350 என்று வைத்துக்கொள்வோம். பாதியை மாற்றினால் தொட்டி ஒரே மூச்சில் 275-க்கு ஏறும். பத்தில் ஒரு பங்கை மாற்றினால் 215. அதையும் ஏர் பம்பின் மெல்லிய டியூபில் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டு, விநாடிக்கு ஓரிரு சொட்டாக விட்டால் இறாலுக்கு மாற்றமே தெரியாது. வாரத்துக்குப் பத்து முதல் பதினைந்து சதவீதம் போதும். செடி நிறைய, இறால் குறைவு என்றால் அதுவும் தள்ளிப் போகலாம். கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நைட்ரேட்டின் சோதனை லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே காட்டும்வரை பதற வேண்டியதில்லை. தண்ணீரையே மாற்றாமல் வளர்ப்பதாகப் பெருமை பேசுகிறவர்களும் உண்டு. அவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் அது வேறு சண்டை.

டிடிஎஸ் மீட்டரையும் அளவோடுதான் நம்ப வேண்டும். அது அளப்பது தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனை. எவ்வளவு கரைந்திருக்கிறது என்று தோராயமாகச் சொல்லும், என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. கடின நீரை மென்னீராக்கும் கருவி கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. மீட்டரில் எண் ஏறக்குறைய அதேதான் இருக்கும், இறாலுக்கோ ஓடு கட்டப் பொருள் இருக்காது. கடினத்தன்மையைத் தனியாகச் சோதியுங்கள். செர்ரி இறாலுக்கு ஜிஎச் (கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த மொத்தக் கடினத்தன்மை) 6 முதல் 8, கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) 2 முதல் 5 வரை நன்றாக ஒத்துவரும். கிரிஸ்டல் ரெட் போன்ற இறால் வகைகளுக்குக் கேஎச் பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும். அவற்றுக்கு ஆர்ஓ நீரில் அதற்கான தாது உப்பைக் கலந்து ஊற்றுவதே வழி. கொதிக்க வைத்து ஆறவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது உங்கள் இறாலுக்குப் போக வேண்டிய கால்சியம்.

குளோரின் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாள் வாளியில் திறந்து வைத்தால், கூடவே ஏர் பம்பும் ஓடினால், குளோரின் போய்விடும் என்று கட்டுரையாளர் சொல்வது சரி. ஆனால் குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமைன் கலந்த நீரில் அது நடக்காது. அதற்குக் குளோரினை நீக்கும் சோடியம் தயோசல்பேட் மட்டும் போட்டாலும் போதாது. குளோரின் நீங்கி அமோனியா தொட்டியிலேயே தங்கிவிடும். காரத்தன்மை கூடிய நீரில் அந்த அமோனியா இன்னும் கொடியது. அமோனியாவையும் கட்டிப்போடும் மருந்தா என்று புட்டியைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். செம்புக் குழாயில் இரவெல்லாம் தேங்கிய தண்ணீரைச் சிறிது நேரம் ஓடவிட்டு அப்புறம் பிடியுங்கள். இறாலின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்புதான், ஆனாலும் தண்ணீரில் கரைந்த செம்பு சற்றுக் கூடினால் அதைக் கொன்றுவிடும். மீன் மருந்துகள் சிலவற்றிலும், நத்தை ஒழிப்பு மருந்துகளிலும் இது இருக்கிறது.

கட்டுரை தொடவே தொடாத ஒன்று, ஆவியாகும் நீர். ஆவியாகப் போவது வெறும் தண்ணீர், உப்பெல்லாம் தொட்டியிலேயே நிற்கிறது. 40 லிட்டர் தொட்டியில் 4 லிட்டர் குறைந்தால் 200 இருந்த டிடிஎஸ் 222 ஆகும். அந்த 4 லிட்டரை 200 உள்ள குழாய் நீரால் நிரப்பினால் கணக்கு 220-இல் நிற்கும். இப்படி ஐந்து முறை நிரப்பினால் 300. நீர்மட்டம் சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. குறைந்ததை ஈடுகட்ட ஆர்ஓ நீரோ காய்ச்சி வடித்த நீரோ போதும். மாற்றும் நீர் வேறு, நிரப்பும் நீர் வேறு.

மற்றவை சின்ன விஷயங்கள். புது நீரின் வெப்பம் தொட்டியோடு ஒரு டிகிரிக்குள் ஒத்துப்போகட்டும். தண்ணீரை உறிஞ்சும் குழாயின் வாயில் ஸ்பாஞ்சு செருகுங்கள். பிறந்த குட்டி இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாமல் வாளிக்குப் போய்விடும். வாளியை ஒருமுறை உற்றுப் பார்த்த பிறகே கொட்டுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள், குழாயடியில் வேண்டாம். கழற்றிய ஓடு கிடந்தால் விட்டுவிடுங்கள், இறால்களே தின்றுகொள்ளும். கொசு மருந்து அடிக்கும் அறையில் தொட்டியே வைக்காதீர்கள்.

அடுத்த இணைப்பில் திருத்தம் போட இடமில்லை என்றால், பாதி என்று வந்த இடத்தில் பத்தில் ஒரு பங்கு என்றும், ஊற்றினால் என்ற இடத்தில் சொட்டுச் சொட்டாக விட்டால் என்றும் மாற்றி ஒரு வரி போடுங்கள். முழுக் கட்டுரையே வேண்டுமானால் நான் எழுதித் தருகிறேன். பக்க அளவு மட்டும் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை