நடவுக்குப் பிறகு நீலப்பச்சைப்பாசி

உறவுகள் அனைவருக்கும் வணக்கம். பர்மாவில் நம் பெகு, தட்டோன் பக்கம் நெல் நடவு முடிந்து வருகிறது. யூரியா விலையைப் பற்றி இந்தக் குழுவில் புலம்பாத நாளில்லை. கொஞ்சம் வயல் தண்ணீரையும் பாருங்கள்.

அந்தத் தண்ணீரில் வளரும் நீலப்பச்சைப்பாசி காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) மண்ணில் சேர்க்கும்; யூரியா தருவதும் அதே சத்துதான். நட்ட பத்தாம் நாள், ஏக்கருக்கு 4 கிலோ காய்ந்த பாசித்தூளை 10 கிலோ மட்கிய தொழுவுரத்தோடு கலந்து தூவுங்கள். வயலில் ஓர் அங்குலமாவது தண்ணீர் நிற்க வேண்டும். வடிந்துவிட்டால் பாசி காய்ந்து அப்பளமாக உரியும், அதோடு அதன் வேலையும் நின்றுவிடும். புளிப்பு மண்ணில் இது சரியாக வளராது, முதலில் சுண்ணாம்பு இடுங்கள். யூரியாவை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை; வழக்கமாக இடும் அளவில் ஏக்கருக்கு 20 கிலோ வரை குறைத்துப் பார்க்கலாம்.

பாசி போட்டால் நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி ஓடிவிடும் என்று யாரோ இங்கே பகிர்ந்திருந்தார். நம்ப வேண்டாம், பாசி பூச்சிமருந்து அல்ல. யூரியா மிகுந்து பயிர் கருகருவென்று நிற்கும் வயலில்தான் புகையான் பெருகும். யூரியாவைக் குறைப்பதால் தொல்லை தணியலாம், அவ்வளவுதான்.

விதைப்பாசி வேண்டுவோர் ஞாயிறு காலை அம்மன் கோயில் பின்புறம் வாருங்கள். துணிப்பை அவசியம், பிளாஸ்டிக் பையில் ஈரம் கோத்துப் பாசி கெட்டுவிடும்.