தண்டுவடக் காயம்பட்டோருக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நரம்பியல் மருத்துவர்களுக்கும் அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களுக்கும் வணக்கம்.

கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்ட என் தம்பியை நான்கு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். வீட்டுக்கு அனுப்பும்போது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கவும் படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொள்ளவும் செவிலியர்கள் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார்கள். அதற்கு என்றும் நன்றி. சொல்லாமல் விட்ட ஒன்றைப் பற்றியே, திடீரென ஏறும் இரத்த அழுத்தத்தைப் பற்றியே இம்மடல்.

ஓர் இரவு, மண்டை வெடித்துவிடும் போலிருக்கிறது என்றான். முகம் சிவந்து நெற்றியில் வியர்வை வழிந்தது. கால்களோ வெளிறிச் சில்லிட்டுக் கிடந்தன. மருத்துவமனையில் இரத்த அழுத்தம் 150 காட்டியது. பணியிலிருந்த மருத்துவர், பதற்றத்தில் சற்றுக் கூடியிருக்கும் என்று சொல்லி அவனை மல்லாக்கப் படுக்க வைத்தார். வலி இன்னும் ஏறியது. கடைசியில் மூத்த செவிலியர் ஒருவர் போர்வையை விலக்கி, தொடைக்கடியில் மடங்கிக் கிடந்த சிறுநீர்க் குழாயை நிமிர்த்திவிட்டார். சிறுநீர் வடிந்து வெளியே தொங்கிய பை நிரம்ப நிரம்ப, அழுத்தம் இறங்கியது.

அதற்கு ஆட்டோனாமிக் டிஸ்ரெஃப்லெக்ஸியா (தானியங்கு நரம்புகளின் கட்டுமீறிய எதிர்வினை) என்று பெயர் என்பதைப் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். காயத்துக்குக் கீழே தண்டுவடம் செத்துவிடுவதில்லை. மூளையின் பிடி விட்டுப்போனதால் தன்போக்கில் இயங்குகிறது. (தம்பியின் கால் முதன்முதலில் தானாகத் துள்ளியபோது, உணர்வு திரும்புகிறது என்று அம்மா அழுது மகிழ்ந்தார், அது வெறும் அனிச்சை என்று அவருக்கு எடுத்துச்சொல்ல யாரும் இல்லை.) தண்டுவடத்தின் மார்புப் பகுதியில் ஆறாம் மட்டத்திலோ (T6) அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பினாலும், மலம் இறுகினாலும், கால் நகம் சதைக்குள் வளர்ந்தாலும்கூட அந்தத் தூண்டல் கீழுடலின் இரத்தக்குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது. மூளை அதை உணர்ந்து இதயத்துடிப்பைக் குறைக்கிறது. ஆனால் குழாய்களைத் தளர்த்தச் சொல்லும் ஆணை காயத்தைத் தாண்டி இறங்குவதில்லை. கவனிக்காவிட்டால் வலிப்பு, மூளையில் இரத்தக்கசிவு வரை போகக்கூடும்.

அவனுக்கு வழக்கமான அழுத்தம் 95தான். மற்றவர்களுக்குச் 'சற்றே கூடுதல்' எனத் தோன்றும் 150, அவனுக்கு உயிராபத்து. உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாயைச் சரிபார்த்துக் காரணத்தை நீக்க வேண்டும். அதற்கும் இறங்காவிட்டால்தான் மருந்து. படுக்க வைப்பது நேர்மாறான செயல்.

எனவே என் வேண்டுகோள் ஒன்றே. வீட்டுக்கு அனுப்பும்போது, காயத்தின் மட்டம், வழக்கமான இரத்த அழுத்தம், இந்நிலை வந்தால் செய்ய வேண்டியவை ஆகிய மூன்றையும் ஓர் அட்டையில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். நானே எழுதிய அட்டை ஒன்று இப்போது அவனுடைய சக்கர நாற்காலியில் தொங்குகிறது. மருத்துவர் கையொப்பம் இல்லாத அந்த அட்டையை அவசரப் பிரிவில் யாரும் படித்துப் பார்ப்பதில்லை.

இப்படிக்கு,
ஒரு பராமரிப்பாளர்