கெண்டைக்கால் வலி

அன்புள்ள தம்பி,

மெட்ரோவில் இறங்கி ஆபீசுக்கு நடந்தால் பாதி வழியில் வலது கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடுகிறது என்றாய். அப்புறம் பழியைப் புது ஷூவின் மேல் போட்டுப் பேச்சை மாற்றிவிட்டாய். ஷூ கடித்தால் குதிகாலும் விரலும்தான் வலிக்கும்.

வார்டில் இருந்தபோது கால்வலி என்று வருபவரிடம் நான் முதலில் கேட்பது, எப்போது வருகிறது, என்ன செய்தால் நிற்கிறது என்றுதான். காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குதிகால் குத்தினால் அது பாதத்தின் அடியில் இருக்கும் சவ்வு. படி இறங்கும்போது என்றால் பெரும்பாலும் முழங்கால் மூட்டு. முதுகுத்தண்டில் நரம்பு நெருக்கப்பட்டவர்களுக்கு நின்றால் போதாது, உட்கார வேண்டும், இல்லை முன்னால் குனிய வேண்டும். அவர்களில் பலர் சைக்கிள்கூட மிதிப்பார்கள், நடக்கத்தான் முடியாது.

உன்னுடையது இதில் எதிலும் சேரவில்லை. ஏறக்குறைய அதே தூரத்தில் வந்து, சும்மா நின்றாலே போகிறது என்றால், காலுக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். சிகரெட்டும் சர்க்கரையும் அதற்குப் பெரிய காரணங்கள். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நீ எதற்குப் போகிறாய் என்பது எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா?

பெருவிரலை மேலே நிமிர்த்து. பாதத்தின் மேல் ஒரு நாண் எழும்பும். அதை ஒட்டி, சின்ன விரல் பக்கமாக இரண்டு விரலை அழுத்தாமல் வை, நாடி துடிக்கும். இரண்டு காலிலும் பார். கிடைக்காவிட்டால் பதறாதே, சிலருக்கு இயல்பிலேயே அங்கே தட்டுப்படாது. கிடைத்தாலும் டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதே. கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பார்ப்பார்கள், ஊசிகூடக் கிடையாது. கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து 0.9-க்குக் கீழே வந்தால் சுருக்கம் இருக்கிறது என்று அர்த்தம். காலில் இருந்தால் இதயத்தையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும், என் கவலையே அதுதான். ஆனால் நடையை நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். வலிக்கும்வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பதே மாத்திரையோடு சேர்ந்த வைத்தியம்.

தைலம் தேய்த்து நாளைக் கடத்தாதே. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடானாலோ, சில்லிட்டு வெளுத்து மரத்துப்போனாலோ தேய்க்கவே கூடாது, அப்போதே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

சனிக்கிழமை போய்விட்டு வந்து கூப்பிடு. மருமகளிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், தொட்டி விஷயம் உட்பட.

அம்மா