ரேடியோ ஏன் ஒரே பாட்டைச் சுற்றி வருகிறது

அன்புள்ள கதிர்,

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. இங்கும் நலமே. 'இசைச் செயலியில் எனக்கேற்ற ரேடியோ என்று பெயர். அரை மணி நேரத்தில் கேட்ட பாட்டுக்கே திரும்பிவிடுகிறது' என்று சலித்துக்கொண்டிருக்கிறாய். பாதித் தவறு அதன் அமைப்பில். மீதி, நாம் அதற்குப் போடும் தீனியில்.

இந்த ரேடியோக்கள் பாட்டைத் தேடும் வழி இரண்டு. ஒன்று, பாட்டையே கேட்டு அலசுவது. 2000-ல் தொடங்கிய மியூசிக் ஜீனோம் திட்டத்தில், பயிற்சி பெற்ற இசைக்கலைஞர்கள் ஒவ்வொரு பாட்டையும் கேட்டு, குரலின் தன்மை, தாளம், வாத்தியம் என்று 450 வரையிலான கூறுகளுக்கு மதிப்பிட்டார்கள். பண்டோரா என்ற இணைய ரேடியோ அதன்மேல் எழுந்ததுதான். மற்றது, ஆட்களைப் பார்ப்பது: நீ கேட்பதையே கேட்கிற இன்னொருவர் வேறென்ன கேட்கிறார் என்ற கணக்கு. 2002-ல் வந்த லாஸ்ட்.எஃப்எம் என்ற இசைத்தளம் இந்த வழி. அதன் சொந்த ரேடியோ 2014-ல் நின்றுவிட்டது. நாம் கேட்பதைப் பதிவு செய்யும் வேலை இன்றும் நடக்கிறது. இப்போதைய பெரிய செயலிகள் இரண்டையும் கலக்கின்றன.

சிக்கல் இரண்டாவது வழியில்தான். எல்லோரும் கேட்கும் பாட்டு எல்லோருடைய பட்டியலிலும் இருக்கும். ஆகவே எதிலிருந்து தொடங்கினாலும் கணக்கு அங்கேதான் போய் நிற்கும். யாரும் கேட்காத பாட்டுக்குக் கணக்கே இல்லை. அதனால் ஸ்டேஷன் (நாம் கொடுப்பதை வைத்துச் செயலி தொடுத்துத் தரும் பாட்டு வரிசை) தொடங்கும்போது பாடகர் பெயரைக் கொடுக்காதே, பாட்டைக் கொடு. அதிலும் அவருடைய மிகப் பிரபலமான பாட்டு வேண்டாம். ஆல்பத்தின் நடுவில், பேர் வாங்காத ஒன்றாகப் பார்த்து எடு. மூன்று நான்கு பாட்டுகளைச் சேர்த்துக் கொடுப்பதானால், வெவ்வேறு கலைஞர்களுடையதாக, ஆனால் ஒரே ஒரு குணம் பொதுவாக இருக்கட்டும்: எல்லாவற்றிலும் தனி வயலின், அல்லது எல்லாமே மெதுநடை. பிடித்ததையெல்லாம் ஒரே ஸ்டேஷனில் கொட்டினால் அது சராசரியைப் பிடித்துக்கொள்ளும். சராசரி என்றால் மறுபடியும் பிரபலப் பாட்டு.

லைக் விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. ஏற்கெனவே தெரிந்த பாட்டுக்கு லைக் போட்டால் அதையும் அதன் பக்கத்து வீட்டையும்தான் திரும்பக் கொண்டுவரும். புதிதாகக் கேட்டு, முழுதும் பிடித்ததற்கு மட்டும் போடு. டிஸ்லைக்கை இன்னும் யோசித்துப் போட வேண்டும். பண்டோராவில், லைக்கே வாங்காத ஒரு கலைஞருக்கு இருமுறை டிஸ்லைக் விழுந்தால், அந்த ஸ்டேஷனிலிருந்து அவரே போய்விடுவார். கேட்டுச் சலித்த நல்ல பாட்டுக்கு அங்கே தனிப் பொத்தான் உண்டு. ஒரு மாதம் ஓய்வு கொடுக்கும். (அமெரிக்காவுக்கு வெளியே பண்டோரா இயங்காது. ஆனாலும் இந்தப் பாகுபாடு எல்லாச் செயலிக்கும் பொருந்தும்: சலிப்பு வேறு, வெறுப்பு வேறு.)

ஸ்கிப்பும் ஒரு வாக்குத்தான். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு பாட்டு கேட்டதாகக் கணக்கு. லாஸ்ட்.எஃப்எம்மில், 30 விநாடிக்கு மேற்பட்ட பாட்டு பாதியாவது ஓடவேண்டும், அல்லது 4 நிமிடம். எது முதலில் வருகிறதோ அது. புதுப் பாட்டு முன்னிசையிலேயே பிடிக்கவில்லை என்று தள்ளுகிறாயே, அங்கேதான் தேடலை நீயே மூடுகிறாய். ஒரு சரணமாவது கேட்டுவிட்டுத் தள்ளு.

குழந்தையைத் தூங்கவைக்கும் பாட்டு, இரவு முழுக்க ஓடும் மழைச்சத்தம், விருந்தாளி போட்ட பாட்டு எல்லாம் உன் ரசனையாகப் பதிவாகும். ஸ்பாட்டிஃபையில் இவை உள்ள பிளேலிஸ்ட்டை ரசனைக் கணக்கிலிருந்து விலக்கும் வசதி இருக்கிறது. இல்லையென்றால் அந்த நேரத்துக்குத் தனி அமர்வை (private session) இயக்கிக்கொள். யூடியூப் மியூசிக்கில் வரலாற்றுப் பதிவை நிறுத்தி வைக்கலாம். மறுபடி இயக்க மறந்துவிடாதே, பிறகு அது எதையுமே கற்காது.

திரைப்பாடல் கேட்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. கலைஞர் என்ற இடத்தில் ஒரு பதிப்பில் இசையமைப்பாளர் பெயர் இருக்கும், இன்னொன்றில் பாடகர் பெயர். ஒரே ரசனை இரண்டு ஆட்களாகச் சிதறும். போதாததற்கு, ஒரே பெயருள்ள இரு கலைஞர்கள் ஒரே பக்கத்தில் கலந்துவிடுவதும் உண்டு. சம்பந்தமில்லாத பாட்டு திடீரென்று வந்தால் முதலில் இதைச் சந்தேகி.

கொஞ்சம் கைவேலைக்குத் தயார் என்றால் லிசன்பிரெயின்ஸைப் (ListenBrainz) பார். இதுவும் நாம் கேட்பதைப் பதிவு செய்யும் தளம். மெட்டாபிரெயின்ஸ் அறக்கட்டளை நடத்துகிறது, இலவசம், அதில் பதிவாகும் கணக்கெல்லாம் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த தரவு. கலைஞர் பெயரையோ இசை வகையையோ கொடுத்தால் பிளேலிஸ்ட் போட்டுத் தரும். சுலபம், நடுத்தரம், கடினம் என்று மூன்று நிலை. சுலபம் உனக்குத் தெரிந்ததையே தரும். கடினத்தில் பாதி குப்பை வரும், ஆனால் பெயரே கேள்விப்படாதவர்கள் அங்கேதான் கிடைப்பார்கள். நடுத்தரத்திலிருந்து தொடங்கு.

பிடித்த பாட்டு ஒன்று சிக்கியதும் ரேடியோவை நிறுத்திவிட்டு, அந்த ஆல்பத்தை முழுதாகப் போடு. வயலின் வாசித்தவர், ஒலிப்பதிவு செய்தவர் பெயரைப் பார்த்து, அவர்கள் வேறெங்கே வேலை செய்திருக்கிறார்கள் என்று தேடு. எந்தக் கணக்கையும்விட நான் நம்புவது இதைத்தான்.

கெட்டுப்போன ஸ்டேஷனைத் திருத்தப் பாடுபடாதே. அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது எளிது. புதியதற்கு எந்தெந்தப் பாட்டைக் கொடுத்தாய் என்று எழுது. இங்கே அதே பாட்டுகளைப் போட்டு, எனக்கு வருவது உனக்கு வருவதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
செல்வம்