அவுட்போர்டு மோட்டாரின் தனி ஆயில் டேங்கைப் படகு ஆய்வில் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
அவுட்போர்டு மோட்டார் பழுதுபார்க்கும் தமிழ் மெக்கானிக்குகள்,
தாராவி, சயான் கோலிவாடா பகுதிகள்,
மும்பை.

பெறுநர்:
சிறு விசைப்படகுகளின் ஆய்வுக்குப் பொறுப்பான அலுவலர் அவர்கள்,
மும்பை.

பொருள்: டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார்களின் (படகின் பின்புறம் வெளியே மாட்டும் இன்ஜின்களின்) தனி ஆயில் டேங்க், ஹோஸ், எச்சரிக்கை ஹாரன் ஆகியவற்றை ஆய்வுப் படிவத்தில் சேர்க்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலத்தில் கரையேற்றி வைத்த சிறு படகுகள் மறுபடி தண்ணீரில் இறங்கும் முன், லைஃப் ஜாக்கெட்டுக்கும் தீயணைப்பானுக்கும் தரும் அதே கவனத்தைப் படகின் பின்பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆயில் டேங்குக்கும் தர வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. ஃபோர்-ஸ்ட்ரோக் மோட்டார்களுக்கு இது பொருந்தாது. ஆயிலைத் தானாகவே பெட்ரோலுடன் சேர்த்துக்கொள்ளும் பழைய, பெரிய டூ-ஸ்ட்ரோக் மோட்டார்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றைப் பற்றியே எழுதுகிறோம்.

இந்த மோட்டார்களில் ஆயில் தேங்கி நிற்கும் சம்ப் கிடையாது. கிராங்க் பேரிங், பிஸ்டன், ரிங் எல்லாவற்றுக்கும் பெட்ரோலோடு போகும் ஆயில்தான் உயிர். அது நின்றால் சில நிமிடங்களில் பிஸ்டன் ஜாம் ஆகும். படகு நடுக்கடலில் நிற்கும்.

டேங்க் உடைந்தால் கையில் கிடைத்த கேனை மாட்டிவிடும் பழக்கம்தான் பெரிய ஆபத்து. வெளியே பார்க்க எல்லாம் ஒரே பிளாஸ்டிக் டப்பா போலத் தெரிந்தாலும் வேலை செய்யும் விதம் மூன்று. மெர்க்குரி நிறுவனத்தின் வி-6 (ஆறு சிலிண்டர்) மாடல்களில் கிராங்க்கேஸ், அதாவது கிராங்க் சுழலும் அறையின் அழுத்தம் ஒரு ஹோஸ் வழியாக 11.4 லிட்டர் டேங்குக்குள் வந்து, இன்னொரு ஹோஸ் வழியாக ஆயிலை மேலே, இன்ஜினில் உள்ள சிறு டேங்குக்குத் தள்ளுகிறது. எனவே டேங்க் காற்றுப் புகாமல் மூடியிருக்க வேண்டும். ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களின் வி.ஆர்.ஓ. பம்ப் (தேவைக்கேற்ப ஆயில் விகிதத்தை மாற்றித் தரும் பம்ப்) ஆயிலை உறிஞ்சி எடுக்கிறது. அங்கே டேங்குக்குக் காற்றுத் துளை இல்லாவிட்டால் ஆயில் வராது. யமஹாவில் டேங்கிலிருந்து இன்ஜினில் உள்ள சிறு டேங்குக்கு ஆயிலை ஏற்றுவது மின்சார பம்ப். ஒன்றின் டேங்கை இன்னொன்றுக்கு மாட்டினால் முதல் நாள் ஓடும். இன்ஜினுக்குள் மிச்சம் இருக்கும் ஆயில் தீர்ந்த பிறகே வினை தெரியும்.

மெர்க்குரியில் அடிக்கடி கெடுவது மூடியின் ரப்பர் வளையம். வெயிலில் காய்ந்து, விரலால் வளைத்தால் நுண்ணிய வெடிப்பு தெரியும். டேங்க் கழுத்தைச் சுற்றி ஆயில் ஈரம் படிந்திருந்தாலும் அதுவே அடையாளம். மோட்டாரைச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்தியதும் மூடியை மெல்லத் திருகினால் ‘புஸ்’ என்று காற்று வர வேண்டும். வரவில்லையென்றால் வளையமோ, ஹோஸோ, ஒருவழி வால்வோ கசிகிறது. டேங்க் நிறைய ஆயில் இருந்தும் குறை-ஆயில் ஹாரன் அடிப்பது பெரும்பாலும் இதனால்தான். ‘டேங்க் நிறையத்தானே இருக்கிறது, ஹாரன்தான் பொய் சொல்கிறது’ என்று அதன் ஒயரைக் கழற்றிவிடுகிறார்கள். ஹாரன் அடிக்கும்போது இன்ஜின் டேங்கில் முழு வேகத்துக்குச் சுமார் 30 நிமிட ஆயில்தான் மிச்சம். கரை சேரக் கிடைக்கும் அந்த அவகாசத்தையே ஒயரோடு சேர்த்துக் கழற்றிவிடுகிறார்கள்.

யமஹாவில் முதலில் பார்க்க வேண்டியது ஃபியூஸும், உப்புப் பூத்துப் பச்சையேறிய கனெக்டரும். வி.ஆர்.ஓ. வகையில் ஹோஸின் கிளாம்ப். திருகு கிளாம்ப் மெல்லிய ஹோஸை வெட்டும். வெட்டிய இடத்தில் ஆயில் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். சுற்றிலும் சமமாக இறுக்கும் கிளாம்ப்தான் அங்கே சரி.

மூன்று வகைக்கும் பொது எதிரி தண்ணீர். ஆயிலைவிடக் கனமானதால் அது டேங்கின் அடியில் போய் நிற்கும். உறிஞ்சு குழாயும் அடியில்தான் இருக்கிறது. மும்பை மழையில் மூன்று மாதம் கிடந்த படகில் மூடி சற்றே தளர்ந்திருந்தாலும் போதும், மோட்டார் ஓடும்போது ஆயிலுக்கு முன்னால் தண்ணீர்தான் குழாயில் ஏறும். அடியிலிருந்து கொஞ்சம் ஆயிலைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்துப் பார்த்தால் போதும். மோர் போல வெளுத்திருந்தால் முழுவதையும் வடித்து, குழாயின் வலையையும் கழுவ வேண்டும்.

டேங்கை மாற்றும்போது பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, மெர்க்குரியின் இரண்டு ஹோஸுக்கும் தனித்தனி நிறத்தில் டேப் சுற்றிய பிறகே உருவ வேண்டும். மாறிப்போனால் ஆயில் ஏறாது. ஹோஸ் மடிந்து நெரியாதபடி போக வேண்டும். டேங்கைப் பட்டையால் இறுகக் கட்ட வேண்டும். தண்ணீரால் குளிரும் டூ-ஸ்ட்ரோக் படகு மோட்டார்களுக்கான டி.சி.-டபிள்யூ3 தர ஆயில் மட்டுமே ஊற்ற வேண்டும். மோட்டார் சைக்கிளின் 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் சாம்பல் விடும், ரிங் ஒட்டிக்கொள்ளும். மெர்க்குரியில் இன்ஜின் டேங்கையும் நிரப்பி, அதன் மூடியைத் தளர்த்தி வைத்து இன்ஜினை ஓட்டி, காற்றெல்லாம் போய் ஆயில் ததும்பிய பிறகு மூட வேண்டும். ஆயில் பம்பின் காற்றுத் திருகையும் தளர்த்தி, குமிழி நின்ற பின்பே இறுக்க வேண்டும்.

அதன் பிறகும் அப்படியே பயணி ஏற்றக் கூடாது. முதல் 20 லிட்டர் பெட்ரோலில் 400 மில்லி ஆயில், அதாவது 50-க்கு 1, கையால் கலந்து, டேங்கில் ஆயில் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். புகை அதிகம் வரும், வரட்டும். மட்டம் கோட்டைவிட்டு இறங்கினால்தான் ஆயில் போகிறது என்று அர்த்தம். முழு வேகத்தில் 50 லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 1 லிட்டர் ஆயில் கணக்கு. இறங்கவில்லையென்றால் கலந்த பெட்ரோல் இன்ஜினைக் காப்பாற்றிவிடும். கோளாறைத் தேட நேரம் கிடைக்கும்.

ஆகவே ஆய்வின்போது மூடி வளையம், ஹோஸ், கிளாம்ப், அடி ஆயில், சாவி திருப்பியதும் ஒலிக்கும் ஹாரன் ஆகியவற்றைப் பார்த்துக் குறிக்க ஒரு பத்தி சேர்க்குமாறும், டேங்க் மாற்றிய படகு மேற்சொன்ன ஓட்டச் சோதனை முடிந்த பின்பே பயணிகளை ஏற்ற வேண்டும் என்று ஆணையிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிலர் ஆயிலைத் தானாகச் சேர்க்கும் இந்த ஏற்பாட்டையே கழற்றிவிட்டு, ஆயிலைக் கையால் கலந்து ஓட்டுகிறார்கள். கலப்பது தவறில்லை. ஆனால் படகு கைமாறியதும் புதிய ஓட்டுநருக்கு அது தெரியாது; வெறும் பெட்ரோலை ஊற்றிவிடுவார். அப்படிப்பட்ட படகில் பெட்ரோல் மூடிக்குப் பக்கத்திலேயே ‘ஆயில் கலந்த பெட்ரோல் மட்டும், 50-க்கு 1’ என்று மராத்தியிலும் இந்தியிலும் தகடு பொருத்துவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

வடித்த ஆயிலுக்குப் படகுத்துறையில் ஒரு மூடிய டிரம் வைத்து, 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி அனுமதி பெற்றவர்களிடம் சேர்க்க ஏற்பாடு செய்தால், அது கடலில் கலக்காது.

தங்கள் ஆய்வாளர்களுக்கு மூன்று வகை டேங்குகளையும் பிரித்துக் காட்டி விளக்க, கட்டணமின்றி, தாங்கள் குறிக்கும் நாளில் வரத் தயாராக இருக்கிறோம். செப்டம்பரில் படகுகள் இறங்கும் முன் இது நடந்தால் நல்லது.

இடம்: மும்பை

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுவில் கையொப்பமிட்டுள்ள மெக்கானிக்குகள்

இணைப்பு: மனுவின் மராத்தி மொழிபெயர்ப்பு, மூன்று வகை டேங்குகளின் ஹோஸ் இணைப்பைக் காட்டும் கைவரைபடம்.